துன்ப நாட்களில் தேவனை ஆராதிக்க வாலிபப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் சுற்றியுள்ள ஊர்களையும் சூழ்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு டிசம்பர் 24. எங்கள் ஆலயத்தில் சேற்றை வாரிப் போட்டுவிட்டு ஆராதனைக்குக் கூடினோம். சுவரில் இடுப்பளவு உயரத்தில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஊறிப் போய், அழுத்தினால் எழும்பவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த வேதாகமங்கள் சில, துணிக்கொடியில் காயப்போட்டதால் தாள்கள் நெளிந்து இரண்டு பங்கு தடித்திருந்தன.

அன்று வாலிபர் வகுப்பை நடத்தியது நான்தான். "எதை இழந்தாலும் சந்தோஷமாகப் பாட வேண்டும், அதுதான் விசுவாசம்" என்று சொல்லிக் கைதட்டிப் பாடவைத்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் வாயே திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "அக்கா, எங்கள் ஆடுகள் எல்லாம் போய்விட்டன. அப்பா நான்கு நாட்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பாட்டு வரவில்லை. நான் ஆண்டவரைவிட்டு விலகிவிட்டேனா?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. பிறகு அந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டு வேதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் நான் செய்த தவறு புரிந்தது. துன்பத்தை மூடி மறைத்துக்கொண்டு பாடுவதையே ஆராதனை என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். வேதத்தில் வருகிறவர்களோ துன்பத்தைச் சுமந்துகொண்டே தேவனுக்கு முன்பாகப் போகிறார்கள். அழுது முடித்துவிட்டு ஆராதிக்க வரவில்லை, அழுதுகொண்டே ஆராதித்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க நான் இப்போது கையாளும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஐந்தாறு வாரங்கள் ஒதுக்குங்கள். ஒரே வகுப்பில் முடிக்க முயன்றால் அது இன்னொரு பிரசங்கமாகிவிடும்.

முதல் படி: ஆசிரியர் தன் மனதைப் பார்த்துக்கொள்வது

வகுப்புக்குப் போகும் முன் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: என் வாழ்க்கையில் எந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை? அதைப் பற்றி ஆண்டவரிடம் கடைசியாக எப்போது பேசினேன்? எழுத முடியவில்லை என்றால், அந்த இடத்தில் நீங்களே மௌனமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பதின்வயதுப் பிள்ளைகள் இதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் அவர்களிடம் கொட்ட வேண்டியதில்லை. "எனக்கும் பதில் வராத ஜெபம் ஒன்று உண்டு" என்ற ஒரு வரி போதும்.

இரண்டாம் படி: ஆராதனை என்ற சொல்லை விரித்துக் காட்டுவது

"ஆராதனை என்றவுடன் உங்கள் கண்முன் வருவது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கீபோர்டு, டிரம்ஸ், மைக், உயர்த்திய கைகள் என்றுதான் பதில் வரும். அது தவறில்லை. ஆனால் அவ்வளவுதான் என்று நினைக்கிற பிள்ளைக்கு, பாட முடியாத நாளில் ஆராதனையே இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டு இடங்களைத் திறக்கச் சொல்லுங்கள். ஆதியாகமம் 22-ல் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடும்படி மோரியா மலைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, வேலைக்காரரிடம் "தொழுதுகொண்டு" திரும்பி வருவோம் என்கிறான். அங்கே பாட்டும் இல்லை, கைத்தாளமும் இல்லை. விறகும் நெருப்பும் கத்தியும்தான் இருந்தன. யோபு 1-ல் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவன் சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, "தரையிலே விழுந்து பணிந்து" பேசுகிறான். சால்வையைக் கிழிப்பதும் பணிவதும் ஒரே வசனத்தில் வருகின்றன. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கவனிக்கும்வரை விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். துக்கத்தின் அடையாளமும் பணிவின் அடையாளமும் ஒரே உடலில், ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: காலண்டர் வசனத்தைக் காலண்டரிலிருந்து இறக்குவது

என் வகுப்பில் இதுவரை மிகவும் பயன்பட்ட பயிற்சி இதுதான். நம் வீடுகளில் எத்தனையோ சுவர்களில் தொங்கும் வசனம்: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." பெரும்பாலும் பின்னால் ஒரு சூரிய உதயப் படம் இருக்கும். அதை ஒரு அட்டையில் எழுதி நடுவில் வைத்து, "இது எந்தப் புத்தகம்? இதை எழுதியவர் அன்று எங்கே நின்றுகொண்டிருந்தார்?" என்று கேளுங்கள். சங்கீதம் என்று சொல்கிறவர்களே அதிகம்.

அது புலம்பல் 3:22, 23. எரிந்துபோன எருசலேமின் நடுவில் நின்று எழுதியது. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் நகரத்தை அழித்து, தேவாலயத்தைச் சுட்டெரித்து, ஜனங்களைச் சிறைபிடித்துப் போனார்கள். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஆளுக்கொரு வசனமாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வசனத்தில் "என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்று வரும். பதினெட்டாம் வசனத்தில், கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று வரும். அந்தப் பதினெட்டைக் கடந்துதான் இருபத்திரண்டு வருகிறது. அதன் பிறகும் அழுகை நிற்கவில்லை. நாற்பத்தொன்பதாம் வசனத்தில் மறுபடியும் கண்ணீர் ஓடுகிறது.

இதை வாசித்து முடித்ததும் வகுப்பில் ஒரு அமைதி விழும். உடனே விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

நான்காம் படி: 13-ஆம் சங்கீதத்தைப் பிரித்துப் பார்ப்பது

நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீட்டுச் சங்கீதம். கற்றுக்கொடுக்கத் தோதானது 13-ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. பிள்ளைகள் அதன் கீழே கோடு போடட்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்பதை நம் சபையில் ஒரு பையன் ஜெபக்கூட்டத்தில் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. அடுத்த இரண்டு வசனங்கள் வேண்டுதல்: என்னை நோக்கிப் பாரும், பதில் சொல்லும். கடைசி இரண்டும் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் தாவீதின் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சத்துரு அப்படியேதான் இருக்கிறான். யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றையும் கவனிக்கச் செய்யுங்கள். தாவீது கடவுளைப் பற்றி மற்றவர்களிடம் குறை சொல்லவில்லை, கடவுளிடமே போய்ச் சொல்கிறார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். முறுமுறுப்பு தேவனுக்கு முதுகைக் காட்டுகிறது, முறையீடு முகத்தைக் காட்டுகிறது.

ஐந்தாம் படி: அகர வரிசையில் ஒரு புலம்பல் எழுதுவது

புலம்பல் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய மொழியின் இருபத்திரண்டு எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. நம் பிள்ளைகள் இதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள், ஆத்திசூடியை அகர வரிசையில் படித்து வளர்ந்தவர்கள் அல்லவா? அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றும் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும், எல்லாம் ஆண்டவரை நோக்கிய பேச்சாக இருக்க வேண்டும் என்று சொல்லி இருபது நிமிடம் கொடுங்கள்.

துக்கம் அளவில்லாதது என்று தோன்றும்போது எழுத்து வரிசை அதற்கு ஒரு கரை கட்டிக் கொடுக்கிறது. அ-வில் தொடங்கிவிட்டால் ஆ-வுக்கு என்ன என்று கை தேடத் தொடங்கிவிடும். "நான் என்ன எழுதுவது?" என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பையன்கூட எழுதிவிடுவான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நுழைவுத்தேர்வில் இரண்டாவது முறையும் தவறியிருந்தாள். அவளுடைய தாள் "அம்மா அழுததை நீர் பார்த்தீரா?" என்று தொடங்கியது. உ-வுக்கு "உம்மிடம் கேட்டுக்கொண்டுதானே படித்தேன்" என்று எழுதியிருந்தாள். ஔ-வுக்கு எதுவும் எழுதாமல் எழுத்தை மட்டும் போட்டிருந்தாள். அந்தத் தாளை என்னிடம் காட்டலாமா என்று அவளே கேட்டதால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

இந்தப் பயிற்சிக்குச் சில கண்டிப்பான விதிகள் வேண்டும். தாள்களை வாங்கி வைக்காதீர்கள், திருத்தாதீர்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். விருப்பப்பட்டவர் மட்டும் வாசிக்கலாம். ஒருவர் வாசித்து முடித்ததும் மற்றவர்கள் கைதட்டவோ ஆறுதல் சொல்லவோ வேண்டாம், "கர்த்தாவே, கேட்டருளும்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னால் போதும். எழுத வராத பிள்ளைகள் வரையட்டும். 13 முதல் 15 வயதுக்காரர்களுக்குப் பன்னிரண்டு வரி அதிகமாகத் தோன்றினால் அ, ஆ, இ, ஈ என்று நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் படி: எல்லாப் புலம்பலும் துதியில் முடிவதில்லை என்று ஒத்துக்கொள்வது

88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. "ஆனாலும்" என்று ஒரு திருப்பம் வரவே இல்லை. அப்படியும் அது ஆலயத்தில் பாடும் பாட்டுகளோடு வேதத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பாடுகிறவன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறான்.

இதை ஒரு வகுப்பில் கட்டாயம் வாசித்துவிடுங்கள். "நன்றி ஆண்டவரே" என்று முடிக்காத ஜெபம் ஜெபமே இல்லை என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்தது சாட்சி நேரம். நம் சபைகளில் யார் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்? வேலை கிடைத்தவர், நோய் குணமானவர், மார்க் வாங்கியவர். கிடைக்காதவருக்கு அந்த மைக் வருவதே இல்லை. அவன் பின்வரிசையில் உட்கார்ந்து, தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொள்கிறான். வாலிபர் கூடுகையில் மாதத்துக்கு ஒருமுறை, நடுவழியில் நிற்கிறவர்களுக்கென்றே நேரம் ஒதுக்குங்கள். "இன்னும் பதில் வரவில்லை, இன்னும் ஜெபிக்கிறேன்" என்று சொல்வதும் சாட்சிதான். தானியேல் 3-ல் மூன்று வாலிபர்கள் ராஜாவுக்குக் கொடுத்த சாட்சி, சூளைக்குள் போகும் முன்பே கொடுத்தது. எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அடுத்த மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய தேவர்களை ஆராதிக்க மாட்டோம் என்றார்கள்.

ஏழாம் படி: பாட முடியாதவனுக்காக மற்றவர்கள் பாடுவது

பிலிப்பி சிறைச்சாலையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடியதைச் சொல்லாத வாலிபர் கூட்டம் இல்லை. அந்த வசனத்தின் பின்பாதியைத்தான் விட்டுவிடுகிறோம்: "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." அன்றிரவு பாடியது இரண்டு பேர். மற்றவர்கள் கேட்டார்கள். சில வாரங்களில் நம் பிள்ளை பவுலாக இருப்பான், சில வாரங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவனாக இருப்பான். இரண்டுக்கும் ஆலயத்தில் இடம் வேண்டும். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். அங்கே இயேசு கண்டது "அவர்கள்" விசுவாசத்தை.

அதனால் பாடல் வேளையில் "எல்லோரும் எழுந்து நில்லுங்கள், கைகளை உயர்த்துங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரியுங்கள்" என்று அதட்டாதீர்கள். "பாட முடிந்தவர்கள் பாடுங்கள், முடியாதவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுகிறோம்" என்று சொல்லுங்கள். வேகமான பாட்டுகளுக்கு நடுவில் மெதுவான ஒன்று, அதன் பிறகு இசைக்கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடம்.

எட்டாம் படி: "ஏன்?" என்ற கேள்வியைப் பயப்படாமல் வாங்கிக்கொள்வது

சொல்லக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஏதோ பாவம் இருக்கிறது, சோதித்துப் பார்." "ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்." "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா?" இவற்றைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. யோபின் நண்பர்களும் நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். ஏழு நாள் தரையில் அவனோடு வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. பேச ஆரம்பித்ததும் கெட்டது. முடிவில் தேவன், நிதானமாய்ப் பேசாதவர்கள் என்று அவர்களைத்தான் கடிந்துகொண்டார். அத்தனை கேள்வி கேட்ட யோபை அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளம், சுனாமி, விபத்து போன்றவற்றுக்குப் பிறகு "அவர்கள் செய்த பாவம்தான் காரணமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். லூக்கா 13-ஐத் திறங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று அவரே பதில் சொல்கிறார். பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது.

வயதில் பெரிய பிள்ளைகள் இன்னொன்றைக் கேட்பார்கள்: "எபேசியர் 5:20 எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறதே, அம்மாவின் புற்றுநோய்க்காகவும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?" அதை எழுதிய பவுலே, தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டதை 2 கொரிந்தியர் 12-ல் காட்டுங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர் விட்டதைக் காட்டுங்கள். மரணத்தை அவர் மெச்சிக்கொண்டு நிற்கவில்லை. இதற்கு மேலும் கேட்டால், "எனக்குத் தெரியவில்லை, உன்னோடு சேர்ந்து நானும் அவரிடம் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: உடம்பையும் ஆபத்தையும் கவனிப்பது

சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும்" என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். பொதுத்தேர்வு நேரத்தில் விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளையை உபவாச ஜெபத்துக்கு இழுக்கும் முன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேளுங்கள்.

சாக வேண்டும் என்று பேசுவது, தனக்குப் பிரியமான பொருட்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, உடம்பில் தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் ஜெபித்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றைக்கே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கொண்டுபோய்ச் சேருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. செய்தவர் சபைக்காரராக இருந்தாலும் அப்படியே. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

பத்தாம் படி: வீட்டுக்குக் கொண்டுபோவது

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். குடும்ப ஜெபத்தில் பிள்ளை ஜெபிக்க மறுத்தால் திட்டாதீர்கள். சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்துவிட்டு எழுந்திருங்கள், தாவீதின் வார்த்தைகளே அன்றைக்கு அவனுடைய ஜெபமாக இருக்கட்டும். கடன், நோய், வேலையிழப்பு போன்றவற்றைப் பிள்ளையிடம் மறைத்துவிட்டு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எதுவோ சரியில்லை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் வயதுக்குத் தக்கபடி சொல்லி, அவன் முன்பாகவே அதற்காக ஜெபியுங்கள்.

ஆசிரியர்கள் வகுப்பு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையின் இழப்பின் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடக்க ஆராதனைக்கு வருகிற கூட்டம் முதலாம் ஆண்டு நினைவு நாளில் வராது. அன்று நீங்கள் போங்கள்.

2024 டிசம்பர் 17 அன்று அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்கொட்டில் காலியாகத்தான் இருந்தது. தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நெளிந்து தடித்துப்போன அந்த வேதாகமத்தையே எடுத்துவந்தான். ஆபகூக் புத்தகத்தில் "நீர் கேளாமலிருக்கிறீரே" என்று தொடங்கும் முதல் அதிகாரத்தின் முறையீட்டை நான் வாசித்தேன். மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை அவன் வாசித்தான். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம் என்று ஒவ்வொன்றாகப் பலனற்றுப்போவதை வாசித்துக்கொண்டே வந்தவன், "கிடையில் ஆட்டுமந்தைகள்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவன் அப்பா கையை நீட்டி வேதாகமத்தை வாங்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.